அறுவை அரங்கக் குழுவின் பாதுகாப்பையும் செயல்திறனையும் எதைக்கொண்டு அளப்பது?

மருத்துவமனையின் தரக் குழுவில் இருக்கும் உங்களிடம், ஒவ்வோர் அறுவை அரங்கக் குழுவும் எவ்வளவு பாதுகாப்பாகவும் எவ்வளவு செயல்திறனோடும் வேலை செய்கிறது என்று மதிப்பெண் போட்டுத் தரும்படி நிர்வாகம் சொல்லியிருக்கிறது. இதற்கென்று ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல் உண்டா, நேரத்தை அளக்கத் தொடங்கினால் அவசரத்தில் பாதுகாப்பு கெட்டுவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஓர் அறுவை நல்லபடியாக முடிந்தால், அதில் அறுவை மருத்துவரின் கைத்திறனுக்கு எவ்வளவு பங்கு, நோயாளியின் உடல்நிலைக்கு எவ்வளவு, தற்செயலுக்கு எவ்வளவு, அங்கிருந்த ஆறேழு பேர் சேர்ந்து வேலை செய்த விதத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா என்பதே அது. மயக்கவியல் மருத்துவராகப் பல ஆண்டுகள் அறுவை மேசையின் தலைமாட்டில் நின்றிருக்கிறேன். பின்னர் அரங்கின் ஓரத்தில் குறிப்பேட்டோடு நின்று மற்றவர்களின் வேலையைப் பதிவு செய்யும் பொறுப்பிலும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தும், வெளிவந்த ஆய்வுகளிலிருந்தும் சொல்கிறேன். புள்ளியியல் என் துறை அன்று. கீழே கணக்கு வருமிடங்களை உங்கள் மருத்துவமனைத் தரவுக்குப் பொருத்தும்போது ஒரு புள்ளியியலாளரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குழுவுக்கு ஒற்றை மதிப்பெண் தர முடியாது. தந்தால் அது தவறாகவே பயன்படும். ஆனால் அறுவையின் ஓட்டம் எங்கே தடைபட்டது, அந்தத் தடையை முதலில் கவனித்தவர் யார், யாரிடம் சொன்னார், எவ்வளவு நேரத்தில் நிலைமை சீரானது என்பவற்றை ஓரளவு நம்பகமாகப் பதிவு செய்ய முடியும். பாதுகாப்புக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று என இரண்டு தனித்தனிப் பதிவேடுகள் தேவையில்லை. பெரும்பாலும் இரண்டையும் கெடுப்பவை அதே தடைகள்தாம்.

நிர்வாகம் முதலில் எதிர்பார்ப்பது இறப்பு விகிதத்தையும் சிக்கல் விகிதத்தையும்தான். நோயாளிக்கு முக்கியமானவை அவையே என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஓர் அரங்கக் குழுவை அவற்றைக்கொண்டு எடைபோட முடியாது, ஏனென்றால் திட்டமிட்ட அறுவைகளில் இறப்பு மிக அரிது. ஓர் அரங்கில் தொடர்ந்து 300 அறுவைகள் ஓர் இறப்புமின்றி நடந்திருந்தாலும், உண்மையான இறப்பு விகிதம் 1 விழுக்காடு வரை இருக்கக்கூடும் என்பதை அந்தத் தரவால் மறுக்க முடியாது. ஒரு நிகழ்வு ஒருமுறைகூட நடக்காதபோது, 3-ஐ மொத்த அறுவைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 95 விழுக்காடு நம்பக எல்லையின் மேல்முனை, அதாவது உண்மை விகிதம் எவ்வளவு உயரத்தில் இருக்கக்கூடும் என்பது, தோராயமாகக் கிடைக்கும் என்பது புள்ளியியலில் நன்கு பழகிய கணக்கு. எளிய, திட்டமிட்ட அறுவைகளுக்கு 1 விழுக்காடு என்பது மோசமான எண். ஆக, சுழியங்களின் வரிசை நிர்வாகத்துக்கு ஆறுதல் தரலாமே தவிர, குழு பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது.

சிக்கல் விகிதத்துக்கு வேறொரு குறை உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளில் பொது அறுவையும் இரத்தக்குழாய் அறுவையும் செய்துகொண்ட 84,730 நோயாளிகளின் தரவை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. இறப்பு மிகக் குறைவாக இருந்த மருத்துவமனைகளில் 24.6 விழுக்காட்டினருக்கும், மிக அதிகமாக இருந்தவற்றில் 26.9 விழுக்காட்டினருக்கும் ஏதேனும் ஒரு சிக்கல் நேர்ந்திருந்தது. அதாவது ஏறக்குறைய ஒரே அளவு. வேறுபாடு தெரிந்தது அடுத்த கட்டத்தில்தான். பெரிய சிக்கலுக்கு ஆளானவர்களில் முதல் வகை மருத்துவமனைகளில் 12.5 விழுக்காட்டினரும், இரண்டாம் வகையில் 21.4 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். இந்த வேறுபாட்டில் வார்டுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் பெரும்பங்கு உண்டு. அறுவை அரங்கத்தின் கணக்கில் அதை அப்படியே எழுதிவிடக் கூடாது. ஆனால் எதைத் தேட வேண்டும் என்பதற்கு இது நல்ல குறிப்பு. சிக்கல் வருவதில் நோயின் கையும் அதிர்ஷ்டத்தின் கையும் நீளமானவை. வந்த சிக்கலிலிருந்து நோயாளியை மீட்பதில்தான் மனிதர்கள் சேர்ந்து செய்யும் வேலை வெளிப்படுகிறது.

அடுத்து எல்லோரும் நாடுவது உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல். மயக்கம் கொடுக்குமுன், கீறலுக்கு முன், நோயாளி அரங்கை விட்டு வெளியேறுமுன் என்று மூன்று நிறுத்தங்களில் 19 விஷயங்களைச் சரிபார்க்கச் சொல்வது அது. டொராண்டோ, புது தில்லி, அம்மான், ஆக்லாந்து, மணிலா, இஃபகாரா, லண்டன், சியாட்டில் ஆகிய எட்டு இடங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2009-இல் வந்தது. பட்டியலுக்கு முன் 3,733 நோயாளிகள், பின் 3,955 நோயாளிகள், இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8-ஆகவும், சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7-ஆகவும் குறைந்திருந்தன. ஆனால் 2014-இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளின் தரவைப் பார்த்தபோது, பட்டியல் வருவதற்கு முன் 0.71 விழுக்காடாக இருந்த இறப்பு பின்னர் 0.65 ஆனதே தவிர, புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை. இவற்றுக்கு இடையில், 2010-இல், அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்றும் இருக்கிறது: குழுப்பயிற்சி பெற்ற 74 மருத்துவமனைகளில் ஆண்டு இறப்பு விகிதம் 18 விழுக்காடு குறைந்தது, பயிற்சி பெறாத 34 மருத்துவமனைகளில் 7 விழுக்காடு குறைந்தது. மூன்றுமே முன்-பின் ஒப்பீட்டை அடிப்படையாகக் கொண்டவை என்பதால் காலப்போக்கில் தானாக வரும் முன்னேற்றத்தை முழுமையாக விலக்கிவிட முடியாது. பட்டியலும் பயிற்சியும் தீங்கு செய்யவில்லை என்பதும், ஆணை பிறப்பித்துப் படிவத்தைக் கொடுத்துவிட்டால் பயன் தானாக வந்துவிடாது என்பதும் உறுதி. எவ்வளவு பயன் என்பதில்தான் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஊழியர்களோடு செலவிடும் பயிற்சி நேரம்தான் வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பது என் கணிப்பு. அதைக் கணிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலைக்கு இதில் நேரடியான பாடம் ஒன்று இருக்கிறது. பட்டியல் நிரப்பப்பட்ட விழுக்காட்டை அளவீடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான இடங்களில் படிவத்தில் அது நூற்றுக்கு நூறாகவே இருக்கும். கீறலுக்கு முன்பான நிறுத்தத்தை ஒருமுறை அருகில் நின்று கவனியுங்கள். சர்குலேட்டிங் செவிலியர், அதாவது மேசையில் நிற்காமல் அரங்கில் நடமாடித் தேவையானதை எடுத்துத் தருபவர், பட்டியலை வாசிக்கிறார். அறுவை மருத்துவர் உதவியாளரிடம் நோயாளியை மூடும் துணியான டிரேப்பை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மயக்கவியல் மருத்துவர் மானிட்டர் பக்கம் திரும்பியபடியே "கொடுத்தாச்சு" என்கிறார். ஆன்டிபயாடிக் கட்டத்தில் டிக் விழுகிறது. அந்த ஊசி, அறுவை தாமதமானதால், ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே போடப்பட்டிருக்கலாம். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளைக் கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதே வழக்கமான நெறி. பட்டியலும் அதையே கேட்கிறது. ஆகவே, எல்லோருடைய கைகளும் நின்றனவா, ஒவ்வொருவரும் தம் வாயால் பேசினார்களா, கேள்விக்கு நினைவிலிருந்து விடை வந்ததா அல்லது பதிவைப் பார்த்து வந்ததா, அந்த நிறுத்தத்தின் விளைவாக ஏதேனும் மாற்றப்பட்டதா என்ற நான்கைக் குறியுங்கள். நான்காவதுதான் மிகப் பயனுள்ளது. மாதக்கணக்கில் எந்த அரங்கிலும் பட்டியல் எதையுமே மாற்றவில்லை என்றால், அது வாசிக்கப்படுகிறதே தவிரப் பயன்படுத்தப்படவில்லை என்று நான் ஐயப்படுவேன்.

ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல் உண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்பதே விடை. ஸ்காட்லாந்தில் உருவான 'நாட்ஸ்' அறுவை மருத்துவரின் தொழில்நுட்பம் சாராத திறன்களை, அதாவது சூழலைக் கவனித்தல், முடிவெடுத்தல், தொடர்பும் குழுப்பணியும், தலைமை ஆகிய நான்கையும் 1 முதல் 4 வரை மதிப்பிடுகிறது. மயக்கவியல் மருத்துவருக்கு 'ஆன்ட்ஸ்', மேசையருகே நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் செவிலியருக்கு 'ஸ்பிளின்ட்ஸ்' என்று அதே குடும்பத்தில் தனித்தனிக் கருவிகள் உள்ளன. தனியாளை விட்டுவிட்டுக் குழுவைப் பார்க்க வேண்டுமானால், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவான 'ஓடாஸ்' இருக்கிறது. அது அறுவை, மயக்கவியல், செவிலியர் என்று மூன்று உட்குழுக்களை, அறுவைக்கு முன், நடுவில், பின் என்ற மூன்று கட்டங்களிலும் 0 முதல் 6 வரை மதிப்பிடுகிறது. விமானிகளுக்காக ஐரோப்பாவில் உருவான முறையை அரங்குக்கு மாற்றியமைத்த 'ஆக்ஸ்ஃபோர்டு நோடெக்ஸ்' என்பதும் உண்டு. எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது பெரிய விஷயமன்று. யார் மதிப்பிடுகிறார், அவருக்கு எவ்வளவு பயிற்சி என்பதுதான் பெரியது. ஒரே அறுவையை இருவர் தனித்தனியே பார்த்து மதிப்பிட்டு, பிறகு ஒப்பிட்டு, ஏன் வேறுபட்டது என்று பேசி, மீண்டும் பார்க்க வேண்டும். இந்தச் சுற்றுகள் முடியாமல் தொகுத்த எண்களில் குழுவைப் பற்றிய செய்தி எவ்வளவு, மதிப்பிட்டவரின் சுபாவம் எவ்வளவு என்று தெரியாது. நோக்கர்களில் ஒருவராவது அரங்கச் செவிலியராக இருக்கட்டும். மருத்துவர்கள் மட்டும் பார்த்தால் மேசையின் ஒரு பக்கத்து வேலை பார்வையிலிருந்து விடுபட்டுப்போகிறது. நோக்கர் நிற்பதாலேயே நடத்தை மாறும் என்பதையும் மறக்க வேண்டாம்; முதல் சில அமர்வுகளை அளவீட்டில் சேர்க்காமல் விடுவது அந்தப் பாதிப்பைக் குறைக்கும், நீக்கிவிடாது.

இந்த அளவுகோல்களைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருவது நிகழ்வுகளைப் பதிவு செய்யும் முறை. அதற்குக் காரணமான ஆய்வு 2000-இல் வந்தது. பிறந்த சில நாட்களேயான குழந்தைகளின் இதயத்தில் இடம் மாறியிருக்கும் பெருந்தமனிகளை மாற்றி இணைக்கும் அறுவை மிகக் கடினமானது. பிரிட்டனின் 16 மையங்களில் 21 அறுவை மருத்துவர்கள் செய்த அத்தகைய 243 அறுவைகளை இதய அறுவை மருத்துவர் மார்க் டி லெவாலும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். உயிருக்கு ஆபத்தாகக்கூடிய பெரிய தவறுகளை ஒரு புறமும், தனித்தனியாகப் பார்த்தால் பொருட்படுத்த வேண்டாத சிறிய இடையூறுகளை மறுபுறமும் எண்ணினார்கள். பெரிய தவறு நேர்ந்தபோது குழு விழித்துக்கொண்டது. அதை நன்கு சரிக்கட்டிய இடங்களில் ஆபத்து பெருமளவு குறைந்தது. சிறியவற்றின் கதை வேறு. அவற்றைப் பெரும்பாலும் யாரும் கவனிக்கவே இல்லை. கவனிக்காததால் சரிசெய்யவும் இல்லை. அவற்றின் எண்ணிக்கை கூடக்கூட முடிவு மோசமாகும் போக்கு காணப்பட்டது. குழுப்பணியை அளக்க விரும்புகிற எவரும் முதலில் படிக்க வேண்டிய ஆய்வு அதுவென்றே நினைக்கிறேன். டொராண்டோவில் 48 அறுவைகளைக் கவனித்து 2004-இல் வெளியான இன்னோர் ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது: பதிவான 421 தகவல் பரிமாற்றங்களில் 129 ஏதோ ஒரு வகையில் பிசகியிருந்தன, காலம் தாழ்ந்து சொல்லப்பட்டன, குறையாகச் சொல்லப்பட்டன, கேட்க வேண்டியவர் அங்கே இல்லை, அல்லது பேச்சு முடிவில்லாமல் நின்றுபோனது. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவை கண்ணுக்குத் தெரிந்த விளைவை உண்டாக்கின.

நடைமுறையில் அந்தப் பதிவு எப்படி இருக்கும் என்பதற்கு, எந்த அரங்கிலும் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். லேப்பராஸ்கோப்பி வழியாக, அதாவது சிறு துளைகளில் கேமராவும் கருவிகளும் செலுத்தி, பித்தப்பையை அகற்றும் அறுவை. பித்தப்பைக் குழாய் எதிர்பார்த்ததைவிடத் தடித்திருப்பதால் அறுவை மருத்துவர் பெரிய கிளிப் கேட்கிறார். தட்டில் இல்லை. சர்குலேட்டிங் செவிலியர் வெளியே போகிறார். கதவு திறந்து மூடுகிறது. குழாயைப் பிடித்தபடி எல்லோரும் காத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் நாடித்துடிப்பு இறங்குகிறது. வயிற்றுக்குள் ஏற்றிய வாயுவின் அழுத்தம் இப்படிச் செய்வது எங்களுக்குப் பழக்கமானதே. "சார், ரேட் நாற்பதுக்கு வந்திருச்சு, கேஸைக் கொஞ்சம் எடுத்துவிடுங்க" என்கிறார் மயக்கவியல் மருத்துவர். "எடுத்தாச்சு" என்று விடை வருகிறது. "எழுபதாயிடுச்சு, மெதுவா ஏத்தலாம்." செவிலியர் திரும்பி வந்து கிளிப்பின் அளவைச் சத்தமாக வாசித்துக் கொடுக்கிறார். வேலை தொடர்கிறது. நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை. மருத்துவக் குறிப்பில் ஒரு வரிகூட இருக்காது. நோக்கரின் தாளில் இரண்டு பதிவுகள் இருக்க வேண்டும். முதலாவது, கருவி தட்டில் இல்லை. அறுவைக்கு முந்தைய பேச்சில் இந்தச் சாத்தியம் எழவில்லை. இத்தனை நிமிட இழப்பு. ஒருமுறை கதவு திறப்பு. இரண்டாவது, நாடித்துடிப்புக் குறைவு. கவனித்தவர் எண்ணோடும் வேண்டுகோளோடும் சொன்னார். கேட்டவர் செய்துவிட்டுச் சொன்னார். சீரானது உறுதி செய்யப்பட்டது. முதலாவதில் குழு நேரத்தை இழந்தது மட்டுமின்றி, இரண்டாவதற்கு இடம்கொடுக்கும் காத்திருப்பையும் உண்டாக்கியது. இரண்டாவதில் அதே குழு மிகச் சிறப்பாகச் செயல்பட்டது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து 'நடுத்தரம்' என்று எழுதினால், தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு செய்திகளும் அழிந்துபோகும். மதிப்பெண் வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதல் காரணம்.

செயல்திறனுக்கு வருகிறேன். இங்கே அளப்பது எளிது, பொருள் கொள்வதுதான் கடினம். நோயாளி அரங்குக்குள் வந்தது, மயக்கம் தொடங்கியது, கீறல், கடைசித் தையல், நோயாளி வெளியேறியது என்ற ஐந்து நேரங்களை ஒரே கடிகாரத்தில், ஒரே வரையறையில் பதிவு செய்தால் பெரும்பாலான அளவீடுகள் அவற்றிலிருந்தே கிடைத்துவிடும். நாளின் முதல் அறுவை குறித்த நேரத்தில் தொடங்கியதா, ஒரு நோயாளி வெளியேறி அடுத்தவர் வர எவ்வளவு நேரம், திட்டமிட்ட கால அளவுக்கும் உண்மையான அளவுக்கும் எவ்வளவு வேறுபாடு, அன்றைக்கே ரத்தானவை எத்தனை, பணி நேரம் தாண்டி ஓடியது எவ்வளவு என்பவை பயனுள்ளவை. அரங்கு பயன்பட்ட விழுக்காட்டை மட்டும் துரத்தாதீர்கள். ஒவ்வொரு நாளும் அளவுக்கு மீறி நோயாளிகளை அடைத்தாலே அது உயர்ந்துவிடும், மாலையில் களைத்த செவிலியர்கள் அதன் விலையைக் கொடுப்பார்கள். இரண்டு அறுவைகளுக்கு இடைப்பட்ட நேரத்தை ஐந்து நிமிடம் குறைப்பதற்கு நிர்வாகங்கள் காட்டும் ஆர்வமும் சில சமயம் அளவு மீறியது. நாளைக்கு நான்கு இடைவெளிகள் என்றால் 20 நிமிடம் மிச்சமாகும். ஒரு மணி நேர அறுவையை அதில் புதிதாகச் சேர்க்க முடியாது. நாள் நேரத்தோடு முடிவதற்கு அது உதவும், அதுவே நல்ல பயன்தான். ஆனால் கூடுதல் அறுவைகளை அது தரும் என்று வாக்களித்துவிடாதீர்கள்.

முதல் அறுவை தாமதமாவதைக் குழுப்பணியின் குறையாக எழுதுவது பல இடங்களில் நடக்கும் அநீதி. இரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை, ஒப்புதல் கையொப்பம் விடுபட்டது, வார்டிலிருந்து நோயாளியை அழைத்துவர ஆள் இல்லை, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை உறுதியாகவில்லை என்று காரணங்கள் அரங்கின் கதவுக்கு வெளியே கிடக்கும். காரணக் குறியீடு ஒன்றை அறுவை, மயக்கவியல், செவிலியர் ஆகிய மூன்று தரப்பும் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட பிறகே எண்ண ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் யார் படிவத்தை நிரப்புகிறாரோ அவர் அல்லாத தரப்பின்மீதே எல்லாத் தாமதமும் விழும்.

வேகம் பாதுகாப்பைக் கெடுக்குமா? கெடுக்கலாம், ஆனால் கெடுத்தே தீரும் என்பதில்லை. லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், இதய அறுவை முடிந்த குழந்தையை அரங்கிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒப்படைக்கும் முறையை, ஃபார்முலா 1 பந்தயக் குழுவினரிடமும் விமானத் துறையினரிடமும் கேட்டறிந்து மாற்றியமைத்தார்கள். 2007-இல் வந்த முடிவின்படி, ஓர் ஒப்படைப்பில் சராசரித் தொழில்நுட்பப் பிழைகள் 5.42-லிருந்து 3.15 ஆயின, விடுபட்ட தகவல்கள் 2.09-லிருந்து 1.07 ஆயின, நேரமோ கூடவில்லை, 10.8 நிமிடத்திலிருந்து 9.4 நிமிடமாகக் குறைந்தது. மொத்தம் 50 ஒப்படைப்புகளே கவனிக்கப்பட்டன என்பதால் இதை அளவுக்கு மீறி விரிக்கக் கூடாது. ஆனாலும், யார் எங்கே நிற்பது, யார் முதலில் பேசுவது, எப்போது யாரும் பேசக் கூடாது என்பது தெளிவானால் இரண்டும் சேர்ந்தே மேம்படும் என்பது நான் கண்டதோடும் ஒத்துப்போகிறது. கைகளை விரைவுபடுத்துவதால் கிடைக்கும் நேரமும், காத்திருப்பை நீக்குவதால் கிடைக்கும் நேரமும் கடிகாரத்தில் ஒன்றுபோலத் தெரியும். நோயாளிக்கு அவை ஒன்றல்ல.

அவசரம் எங்கே உண்மையில் கடிக்கும் என்பதற்குத் துணி எண்ணிக்கையைப் பாருங்கள், அதாவது அறுவையில் பயன்படுத்திய துணிகளும் கருவிகளும் உள்ளே தங்கிவிடவில்லை என்று எண்ணிச் சரிபார்ப்பதை. உடலுக்குள் துணியோ கருவியோ விடுபட்டுப்போன நிகழ்வுகளை ஆராய்ந்து 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அவசர அறுவையில் அந்த ஆபத்து ஏறக்குறைய ஒன்பது மடங்காகவும், நடுவில் திட்டம் மாறிய அறுவையில் நான்கு மடங்காகவும் இருந்தது. அதைவிட என்னை யோசிக்கவைத்தது வேறு: எண்ணிக்கை எடுக்கப்பட்டிருந்தும் பொருள் உள்ளே தங்கிப்போன நிகழ்வுகளில் 88 விழுக்காட்டில், கணக்கு சரியாக இருப்பதாகவே அப்போது பதிவாகியிருந்தது. ஆகவே 'எண்ணிக்கை சரி' என்ற பதிவை அளவிடுவதில் பயன் குறைவு. அறுவை மருத்துவர் தோலைத் தைத்துக்கொண்டிருக்கும்போது எண்ணப்பட்டதா, உடற்குழியை மூடுமுன் எண்ணப்பட்டதா, எண்ணும்போது யாராவது குறுக்கிட்டார்களா, குறைந்தால் வேலை உண்மையிலேயே நின்றதா என்பவற்றைக் குறியுங்கள். நேர அளவீடு ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு பாதுகாப்பு அளவீட்டைத் துணையாகக் கட்டுங்கள். இரண்டு அறுவைகளுக்கு இடைப்பட்ட நேரம் குறையும் மாதத்தில் அடுத்த அறுவையில் கருவி இல்லாமல் காத்திருந்தது கூடியதா என்று பார்ப்பதும், முதல் அறுவை நேரத்துக்குத் தொடங்கும் விழுக்காடு உயரும்போது அறுவை இடத்தைக் குறியிடாமலே உள்ளே வந்த நோயாளிகள் கூடினார்களா என்று பார்ப்பதும் அத்தகையவை.

கேள்விப் பட்டியல்கள் மூலம் ஊழியர்களின் மனநிலையை அறிவதும் ஒரு வழிதான். ஆனால் பதவிவாரியாகப் பிரிக்காமல் அதைப் படிக்காதீர்கள். 2000-இல் வெளியான ஒப்பீட்டில், இளையவர்கள் மூத்தவர்களின் முடிவைக் கேள்வி கேட்கக் கூடாது என்ற மனப்பான்மையை விமானிகளில் 97 விழுக்காட்டினர் நிராகரித்தபோது, மூத்த அறுவை மருத்துவர்களில் 55 விழுக்காட்டினரே நிராகரித்தார்கள். தவறுகளைத் தாமாக முன்வந்து தெரிவிக்கும் அறிக்கைகளின் எண்ணிக்கையை எந்த நிலையிலும் பாதுகாப்பின் அளவாகக் கொள்ள வேண்டாம். குழுக்களின் செயல்பாட்டை ஆராயும் ஏமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல தலைமை இருந்த செவிலியர் பிரிவுகளில்தான் அதிகமான மருந்துப் பிழைகள் கண்டறியப்பட்டிருந்தன. அங்கே பயமின்றிப் பேச முடிந்தது என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். உங்கள் முயற்சி தொடங்கிய ஆறு மாதத்தில் அறிக்கைகள் கூடினால் நிர்வாகம் பதறும். இப்போதே சொல்லி வையுங்கள்.

காணொளிப் பதிவு பற்றியும் நிர்வாகம் கேட்கக்கூடும். டொராண்டோவின் செயின்ட் மைக்கேல்ஸ் மருத்துவமனையில் டியோடர் கிரான்ச்சரோவ் உருவாக்கிய 'ஓஆர் பிளாக் பாக்ஸ்', அரங்கின் காணொளி, ஒலி, நோயாளியின் உடல் அளவீடுகள் அனைத்தையும் ஒருங்கே பதிவு செய்கிறது. மனித நோக்கர் தவறவிடுவதை அது பிடிக்கும். அதைப் பொருத்துவதற்கு முன், யார் பார்ப்பார், எத்தனை நாளில் அழிக்கப்படும், ஒழுங்கு நடவடிக்கைக்கோ வழக்குக்கோ பயன்படுமா என்பவற்றுக்கு எழுத்தில் விடை வேண்டும். அந்த விடைகள் இல்லாத இடத்தில் குறிப்பேடே மேலானது.

இனி, குழுக்களைத் தரவரிசைப்படுத்தும் யோசனை. அரங்கில் நிலையான குழு என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. திங்கட்கிழமை ஒரு மயக்கவியல் மருத்துவர், செவ்வாயன்று வேறொருவர். நடுப்பகலில் செவிலியர் மாறுகிறார். அப்படியிருக்க மதிப்பெண் யாருடையது? கடினமான நோயாளிகளை ஏற்கும் அரங்குக்கு இடையூறுகளும் அதிகம் வரும். நோயின் தீவிரத்துக்கேற்ப எண்களைச் சரிசெய்தாலும் அந்த வேறுபாடு முழுவதும் நீங்காது. ஆகவே ஓர் அரங்கை இன்னோர் அரங்கோடு ஒப்பிடாமல், அதே அரங்கை அதன் கடந்த காலத்தோடு ஒப்பிடுங்கள். வாரவாரியாகக் கட்டுப்பாட்டு வரைபடத்தில், அதாவது வழக்கமான அளவை மையக்கோடாகக் கொண்டு ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைபடத்தில், புள்ளி வையுங்கள். ஒரு மாதம் ஏறியது, மறுமாதம் இறங்கியது என்பதற்கெல்லாம் கூட்டம் போட வேண்டாம். தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் மையக்கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தால் ஏதோ உண்மையில் மாறியிருக்கிறது என்று கொள்வது பரவலான வழக்கம்.

தொடங்குவதற்கு, ஒரே வகை அறுவை அடிக்கடி நடக்கும் ஓர் அரங்கைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நோக்கர்கள், ஒரு பக்கத்தில் அடங்கும் நிகழ்வுத் தாள், ஐந்து நேரப் பதிவுகள், கீறலுக்கு முன்பான நிறுத்தத்தைப் பற்றிய நான்கு கேள்விகள் போதும். பதிவான இடையூறுகளில் அடிக்கடி திரும்பி வருவது எதுவோ அதை அந்த அரங்கத்தாரிடமே கொண்டுபோய்க் காட்டி, ஒன்றே ஒன்றைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதன் பிறகும் அதே தாளில் தொடர்ந்து பதியுங்கள். தாளில் பெயர்கள் வேண்டாம், பதவிகள் மட்டும் இருக்கட்டும். ஒரு விதியை மட்டும் முதல் நாளுக்கு முன்பே எழுதி எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்: நோயாளிக்கு உடனடி ஆபத்து என்று நோக்கருக்குத் தோன்றினால், உதாரணமாகத் தவறான பக்கத்தில் கீறல் விழப்போகிறது என்றால், அவர் தாளைக் கீழே வைத்துவிட்டுக் குரல் கொடுக்க வேண்டும், அந்த அமர்வின் தரவு கணக்கிலிருந்து நீக்கப்படும்.